பெயின்ட் கெடாமல் ஒடுக்கு எடுக்க எந்த விளக்கு வாங்குவது? விளக்கில் சமமாகத் தெரிவது வெயிலில் நெளிகிறது

கேள்வி: புதுக்கை

வணக்கம். பட்டி வைக்காமல், பெயின்ட் அடிக்காமல், தகட்டின் பின்புறத்திலிருந்து கம்பியால் நெம்பி ஒடுக்கு எடுக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. கை ஓரளவு பழகிவிட்டது, கண்தான் இன்னும் பழகவில்லை.

சென்ற வாரம் ஒரு வெள்ளைக் காரின் கதவில் உள்ளங்கை அகல ஒடுக்கு. இரண்டு மணி நேரம் பொறுமையாக எடுத்தேன். என் விளக்கில் பார்த்தபோது தகடு சமமாகத் தெரிந்தது. உரிமையாளர் காரை வெளியே எடுத்ததும், சாய்ந்த மாலை வெயிலில் அந்த இடத்தைச் சுற்றி வளையமாக ஒரு நெளிவு. மனம் உடைந்துவிட்டது. பணம் வாங்காமல் மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன்.

என்னிடம் இருப்பது சதுரமான, மிகப் பிரகாசமான எல்இடி விளக்கு ஒன்றுதான். அதைக் கருப்புக் காரில் வைத்தால் பத்து நிமிடத்தில் கண் வலிக்கிறது. ஒடுக்கு வேலைக்கென்றே விற்கும் விளக்கு வாங்க நினைக்கிறேன். மூன்று பட்டை, ஆறு பட்டை, மஞ்சள், வெள்ளை, பால்நிற மூடி போட்டது, போடாதது என்று பல வகை இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: பழைய பட்டறை

தம்பி, உங்கள் கையில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சதுர விளக்கு இருட்டில் நட்டைத் தேடுவதற்கானது. நமக்குத் தகட்டின் மேல் வெளிச்சம் விழுந்தால் போதாது, பெயின்டின் பளபளப்பில் விளக்கின் பிம்பம் தெரிய வேண்டும். ஒடுக்கை நாம் நேராகப் பார்ப்பதே இல்லை. பிம்பத்தின் ஓரம் எங்கே வளைகிறது என்பதைத்தான் பார்க்கிறோம். உங்கள் விளக்குக்கு ஓரம் நான்கு பக்க விளிம்பில் மட்டும்தான் இருக்கிறது. நடுவில் முழுக்க ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒடுக்கு விழுந்தால் மேடும் பள்ளமும் ஒன்றுபோலவே தெரியும். கதவில் நடந்தது இதுதான்.

அதனால் பட்டை பட்டையாக எரியும் விளக்குதான் வேண்டும். ஆலங்கட்டி விழுந்ததுபோன்ற சிறு குழிகளுக்கு நெருக்கமான மெல்லிய கோடுகள், உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி விட்ட தடித்த கோடுகள். ஒரே விளக்குதான் வாங்க முடியும் என்றால், ஒவ்வொரு பட்டையையும் தனியாக அணைக்கக்கூடிய ஐந்து அல்லது ஆறு பட்டை விளக்கை எடுங்கள். பட்டைகளின் எண்ணிக்கையைவிட அந்தத் தனித்தனி சுவிட்ச் முக்கியம்.

பலர் மறந்துவிடும் ஒன்று: கோடு தனக்குக் குறுக்கே உள்ள சரிவை மட்டும்தான் காட்டும். கோடு ஓடும் திசையிலேயே தகடு சரிந்தால், பிம்பம் தன் மேலேயே நகரும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே முடித்துவிட்டோம் என்று நினைக்கும்போது விளக்கைத் தொண்ணூறு பாகை திருப்பி மறுபடி பாருங்கள். திருப்ப வசதியில்லாத தாங்கியோடு வரும் விளக்கை நான் வாங்கவே மாட்டேன்.

கேள்வி கேட்டவர்: புதுக்கை

மிக்க நன்றி அண்ணா. எட்டு மாதமாக இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நண்பரின் பட்டை விளக்கை ஒரு நாள் இரவல் வாங்கிப் பார்த்தேன். அதில் வேறொரு குழப்பம். ஒடுக்கு ஆழமாக இருந்தபோது கோடு உள்ளே தலைகீழாக ஓடியது. பாதி எடுத்ததும் திடீரென்று கோடு தடித்துப் பரவி, குழி முன்னைவிடப் பெரிதானதுபோல் தெரிந்தது. பயந்து நிறுத்திவிட்டேன். நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா?

பதில்: ஒளிக்கணக்கு

கெடுக்கவில்லை. நீங்கள் பார்த்தது வேலை முன்னேறுவதன் அடையாளம்.

பள்ளம் என்பது ஒரு குழியாடி. 50 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் ஆழம் உள்ள சீரான குழியை ஒரு கோளத்தின் துண்டாக எடுத்துக்கொண்டால், அதன் வளைவு ஆரம் சுமார் 31 சென்டிமீட்டர், குவியத்தூரம் அதில் பாதி, ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். விளக்கும் கண்ணும் அரை மீட்டர் தள்ளி இருந்தால் பிம்பம் தலைகீழாகத் தெரியும். அதே குழியை 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் குவியத்தூரம் 78 சென்டிமீட்டருக்குப் போய்விடும். இப்போது அதே இடத்திலிருந்து பார்த்தால் பிம்பம் நேராக, ஆனால் பெரிதாகித் தெரியும். இரண்டுக்கும் நடுவே, ஆழம் சுமார் 0.6 மில்லிமீட்டரைக் கடக்கும்போது, கோடு உருவமிழந்து குழி முழுக்கப் பரவும். நீங்கள் பயந்து நிறுத்தியது அங்கேதான்.

உண்மையான ஒடுக்கு இவ்வளவு சீராக இருக்காது, எண்கள் கொஞ்சம் மாறும். நடக்கும் வரிசை மாறாது. மேடு குவியாடி என்பதால் கோட்டை எப்போதும் ஒடுக்கி மெலிதாக்கும், ஒருபோதும் தலைகீழாக்காது.

எனவே ஒடுக்கின் நடுவே வேலை செய்யும்போது விளக்கை நகர்த்தாதீர்கள். விளக்கு 20 சென்டிமீட்டர் நகர்ந்தாலே அதே பள்ளம் வேறு முகம் காட்டும், உங்கள் கம்பிதான் காரணம் என்று நினைத்துவிடுவீர்கள். ஆடாமல் நிற்கும் தாங்கிக்கு விளக்குக்குக் கொடுக்கும் அதே கவனத்தைக் கொடுங்கள். உறிஞ்சு கிண்ணம் வைத்த தாங்கி என்றால், கண்ணாடியையும் கிண்ணத்தையும் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பதில்: வெண்தகடு

வெள்ளைக் காரைப் பற்றி நான் சொல்கிறேன், என் வேலையில் பாதி அதுதான். வெளிச்சத்தைக் கூட்டினால் நன்றாகத் தெரியும் என்று தேடிப் போகாதீர்கள், தம்பி. நேராகப் பார்க்கும்போது மேலிருக்கும் தெளிபூச்சு ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத்தான் கண்ணாடிபோல் திருப்புகிறது. கருப்பில் மீதியைக் கீழுள்ள நிறம் விழுங்கிவிடும், அதனால் பிம்பம் பளிச்சென்று நிற்கும். வெள்ளையில் மீதி ஒளி எல்லாப் பக்கமும் சிதறித் திரும்பி வந்து அந்த 4 சதவீதத்தை மூழ்கடித்துவிடும். பிரகாசத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும்.

உதவுவது வேறு. முதலில் பட்டறையின் மற்ற விளக்குகளை அணையுங்கள், கதவு வழியே வரும் பகல் வெளிச்சத்தை மறையுங்கள். இரண்டே இரண்டு மெல்லிய பட்டைகளை மட்டும் எரிய விடுங்கள். இடையில் இருட்டு அதிகமாக இருந்தால் சிதறும் ஒளி குறையும், கோடு மேலெழும். கண்ணைத் தகட்டுக்கு நெருங்கித் தாழ்த்தி, சாய்வாகப் பாருங்கள். சாய்வு கூடக்கூடப் பளபளப்பு கூடும். மாலை வெயில் உங்களைக் காட்டிக்கொடுத்ததும் இந்தச் சாய்வால்தான்.

நிறத்தில் நான் வெள்ளைக்கும் வெள்ளிக்கும் 3000 கெல்வின் அளவிலான மஞ்சள், கருப்புக்கும் அடர்நிறங்களுக்கும் வெள்ளை ஒளி என்று பழகியிருக்கிறேன். இரண்டும் மாற்றி எரியும் விளக்கு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பால்நிற மூடியைக் கழற்றிப் போட முடிந்தால் நல்லது. மூடியில்லாத கூர்மையான ஓரம் கம்பி முனை எங்கே நிற்கிறது என்று சொல்லும், மங்கலாகக் கரையும் ஓரம் அகன்ற மெல்லிய நெளிவைச் சொல்லும். உங்கள் வளையம் இரண்டாவது வகை.

பதில்: பழைய பட்டறை

கண் வலிக்கு ஒரு வார்த்தை. ஒளியைக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும், கருப்புக் காரில் மிகக் குறைவாக வையுங்கள். ஆனால் மலிவான சில விளக்குகளில் திருகைக் குறைத்தால் ஒளி வேகமாக விட்டுவிட்டு எரியும். வாங்கும் முன் குறைந்த ஒளியில் வைத்து, கைப்பேசியில் மெதுநகர்வு வீடியோ எடுத்துப் பாருங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு வேண்டாம். நாள் முழுக்க அதன் முன் உட்காரப்போகிறவர் நீங்கள்.

கேள்வி கேட்டவர்: புதுக்கை

விளக்கு வாங்கும் முன் ஒன்று செய்து பார்த்தேன். பழைய சதுர விளக்கின் முன் பால்நிற அக்ரிலிக் தகடு வைத்து, அதன் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை அகலமாக ஒட்டி, இரண்டு மெல்லிய இடைவெளிகளை மட்டும் விட்டேன். பட்டறையை இருட்டாக்கிக்கொண்டு அந்த வெள்ளைக் கதவைச் சாய்வாகப் பார்த்தேன். வளையம் அப்படியே தெரிந்தது. பள்ளத்தைச் சுற்றி மெலிந்த கோடு, அதாவது மேடு. இத்தனை நாளும் அதைப் பள்ளத்தின் மிச்சம் என்று நினைத்து மேலும் நெம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்! மரமுனை வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டித் தணித்தேன், விளக்கைத் திருப்பிப் பார்த்தேன், மறுபடி தட்டினேன். மாலை ஐந்து மணிக்கு உரிமையாளரோடு வெயிலில் நின்று பார்த்தோம். நெளிவு இல்லை.

தனித்தனி சுவிட்ச் வைத்த ஆறு பட்டை விளக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பேட்டரியா, பிளக்கில் செருகி எரிப்பதா என்பது மட்டும் பாக்கி.

பதில்: வெண்தகடு

வளையத்தை நீங்களே கண்டுபிடித்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இரண்டிலும் ஓடுவதை வாங்குங்கள். பேட்டரி மட்டும் என்றால், சார்ஜ் இறங்கும்போதும் பிரகாசம் மாறாமல் இருக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அந்த டேப் ஒட்டிய தகட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கூரையில் அகலமான ஒடுக்கு வரும்போது, ஆறு பட்டை விளக்கைவிட அந்தப் பெரிய தகடுதான் கைகொடுக்கும்.