அப்பப்பா, அம்மப்பா விட்டுப்போன பழைய கார்கள்: திருத்தும்போது நடந்ததை எழுதுங்கள்

ஒட்டுசுட்டான் பெடியன்

அப்பப்பாவின் மொரிஸ் மைனர், 1958ஆம் ஆண்டுக் கார், 948 சிசி, திரும்பும்போது பக்கம் காட்டப் பக்கத்தூணிலிருந்து சின்னக் கை வெளியே வருமே அந்த மொடல். 2002இல் ஏ9 றோட்டு திறந்ததும் வவுனியாவில் மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டதால்தான் அது தப்பியது. பிறகு வன்னியில் போரில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது என் பொறுப்பில், ரிங்கரிங் வேலைக்கு, தகடு திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

போன கிழமை ரிங்கர் அண்ணை பின் இடது கதவில் பெயின்றுக்குக் கீழே பூசியிருந்த பழைய புட்டிப் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். புட்டி உதிர உதிர உள்ளே ஒரு ஓட்டை, பெருவிரல் போகும், விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்தது. கதவின் உள் றெக்சினைக் கழற்றிப் பார்த்தால், பால்மா ரின்னை வெட்டி, நாலு மூலையிலும் றிவெற் அடித்து, சுற்றிவரத் தார் பூசி அடைத்திருக்கிறார் அப்பப்பா. ரின்னின் மஞ்சள் நிறம்கூடப் போகவில்லை. இந்த ஓட்டையைப் பற்றி மனுசன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அந்தப் பக்கம் யார் இருந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். "அப்பம்மா" என்றார், அதோடு எழும்பிப் போய்விட்டார். அப்பம்மாவின் இடது தொடையில் ஒரு தழும்பு இருந்தது, வயலில் அரிவாள் பட்டது என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தவா.

ரிங்கர் அண்ணை கேட்கிறார், "தம்பி, இதை வெட்டித் தகடு வைக்கட்டா, விடட்டா?" எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

மல்லாவியான்

விடு தம்பி, அப்படியே விடு.

எங்களுடையது மொரிஸ் ஒக்ஸ்போட், அம்மப்பா வாடகைக்கு ஓடியது. வன்னிக்குள் பெற்றோல் விடாத தடைக் காலத்தில் எல்லாக் காரும் மண்ணெண்ணெய்யில்தானே ஓடியது. பொனட்டுக்குள் ஒரு சேலைன் போத்தல் தொங்கும், அதற்குள் கொஞ்சம் பெற்றோல், குழாய் நேரே காபரேற்றருக்கு. ஸ்ராட் எடுக்க மட்டும் அது, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். போத்தலைப் பிடிக்கிற வேலை எனக்கு.

ஒருநாள் இரவு, மழை, பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி வந்துவிட்டது, மல்லாவி ஆசுபத்திரிக்குப் போகிறோம், மதகடியில் எஞ்சின் நின்றுவிட்டது. போத்தலில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அம்மப்பா ரோச்சைப் பல்லில் கடித்தபடி பொனட்டுக்குள் குனிந்து "விடு... விடு... போதும், பிடி" என்றார். பின்னால் அக்கா கத்துகிற சத்தம், என் கையெல்லாம் பெற்றோல் வாசம், குழாயை நசுக்கிப் பிடித்திருந்த விரல் விறைத்துப்போய்விட்டது. எஞ்சின் இருமி இருமி எடுத்தது. போய்ச் சேர்ந்தோம், பெண் பிள்ளை.

போன வருடம் எஞ்சினைப் பிரித்தபோது எஞ்சின் ஹெட்டுக்குக் கீழே ஒன்றுக்கு மேல் ஒன்றாக, அடைப்புத் தகடான காஸ்கெட் இரண்டு இருந்தது. மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் நொக் பண்ணி அடிக்காமல் இருக்க அமுக்கத்தைக் குறைக்கப் போட்டது. பெற்றோலில் ஓடுவதற்கு ஒன்றை எடுக்கத்தான் வேண்டும், எடுத்தேன். ஆனால் அந்த மெக்கானிக் பெடியன் "எந்த மடையன் போட்டது இது?" என்று கேட்டதுதான் இன்னும் போகவில்லை. அவனுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

வவுனியா ஏ40

மல்லாவியான் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை. உணர்ச்சி வேறு, தகடு வேறு. என் தாத்தாவின் ஒஸ்ரின் ஏ40 சமர்செற்றை நான் "தாத்தா வைத்தபடி" விட்டு வைத்திருந்தேன், ஒரு மாரியில் சீற்றுக்குக் கீழே தளம் உக்கிப் பாதம் நிலத்தில் பட்டது. அன்றைக்கு முடிவெடுத்தேன், கார் ஓட வேண்டும் என்றால் கம்பனியில் இருந்து வந்தபடி இருக்க வேண்டும்.

தம்பி, தாரும் ரின்னும் சேர்ந்த இடத்தில் தண்ணீர் தங்கும், கதவின் அடி உக்கும். கதவுக்குக் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும், புட்டி போட்டவர்கள் அதையும் சேர்த்து மூடியிருப்பார்கள், முதலில் அவற்றைத் திறக்கச் சொல்லு. அடுத்தது, மைனருக்குப் பற்றறியின் பொசிற்றிவ்தான் காரின் பொடித் தகட்டில் பூட்டுவது. இப்போதைய பெடியள் பார்க்காமல் மாற்றிப் பூட்டுவார்கள், டைனமோ பழுதாகலாம். முன் சில்லுக்குள் கீழே இருக்கிற ட்றனியன் என்ற புரி மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்க வேண்டும், அந்தப் புரி தேய்ந்தால் ஓடுகிற ஓட்டத்தில் சில்லு மடிந்து கார் மூக்கால் விழும், ஏ9இல் பஸ்ஸுக்கு முன்னால் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசி. பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தளத்துக்குள் ஒளிந்திருக்கிறது, காபெற்றைத் தூக்கினால்தான் அதன் மூடி தெரியும், வருடக்கணக்காக நின்ற காரில் அதன் றப்பர் கட்டாயம் போயிருக்கும். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம் டிக் டிக் என்று அடித்து நிற்க வேண்டும், நிற்காமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது. சாமான் தேடிக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகள் முழுக்க அலைய வேண்டாம், மைனரின் பொடித் தகடுகளை இலங்கையிலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், விசாரித்தால் கதவே கிடைக்கலாம்.

முள்ளியவளை

கம்பனியில் இருந்து வந்தபடி என்றால் எங்கள் காரை என்ன செய்வது, ஏ40 அண்ணை?

அம்மப்பாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55. நம்பர் தட்டைப் புதிதாக எழுதக் கொடுக்க முதல், பழைய கறுப்புப் பெயின்றைத் தண்ணீர் விட்டு உரைதாளால் நானே தேய்த்தேன். சிங்கள ஸ்ரீ எழுத்து மெல்ல மெல்லக் கரைந்தது, அதற்குக் கீழே இன்னொரு வெள்ளைக் கோடு வந்தது. தேய்க்கத் தேய்க்க, தமிழில் "ஸ்ரீ". 1957இல் வாகன நம்பர் தட்டில் சிங்கள ஸ்ரீ கொண்டுவந்தபோது நம்மவர்கள் அதை அழித்துத் தமிழில் எழுதி ஓடினார்கள், பிடிபட்டுச் சிறைக்கும் போனார்கள் என்று படித்திருக்கிறேன். எங்கள் அம்மப்பா, அரசாங்க உத்தியோகத்தில் இருந்த, சத்தம் போட்டுக் கதைக்காத மனுசன், அவரும் எழுதியிருக்கிறார். எப்போது, யாருக்குப் பயந்து திரும்ப மாற்றினார் என்று கேட்க ஆள் இல்லை.

தட்டை அப்படியே எடுத்து வைத்துவிட்டு வேறு தட்டு அடித்தேன். கம்பனிக்காரன் தந்தது வெறும் கார் அண்ணை, மிச்சம் எல்லாம் அவர்கள் செய்தது.

புதுக்குடியிருப்பு அக்கா

எல்லோருடையதையும் வாசித்தேன். எங்கள் தாத்தாவின் மைனர் 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் வந்தது, அதற்கு அங்கால் வரவில்லை. மீள்குடியேறிய பிறகு அந்தப் பக்கம் போனேன். துருப்பிடித்த சைக்கிள், மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், லொறி எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன. நீல மைனர் ஒன்று தலைகீழாகக் கிடந்ததைக் கண்டு ஓடினேன். டாஷ்போட்டில் தாத்தா ஒட்டிய முறிகண்டிப் பிள்ளையார் படம் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவினேன், டாஷ்போட்டே இல்லை. எங்களுடையதா என்று இன்றைக்கும் தெரியாது. காரின் பதிவுப் புத்தகம் மட்டும் அம்மாவின் பையில் வந்தது, அது இருக்கிறது.

தம்பி, ஓட்டையை மூடுவதா விடுவதா என்று எங்களைக் கேட்காதே, ஏ40 தம்பியையும் கேட்காதே. அது உன் அப்பாவின் தாய் இருந்த இருக்கை. அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிக் கேள்.

ஒட்டுசுட்டான் பெடியன்

அக்கா, நேற்று அப்பாவைக் கராஜுக்குக் கூட்டிப் போனேன். ரின்னில் கை வைக்க விடமாட்டேன் என்றுவிட்டார். 1997இல் மாங்குளம் றோட்டில் நடந்ததாம், அப்பம்மாவின் மடியில் தானும் தம்பியாரின் பிள்ளையும் சாய்ந்து படுத்திருந்ததாக, ரிங்கர் அண்ணைக்கு முன்னால் நின்று முழுதும் சொன்னார். எனக்குச் சொல்லாததை அவருக்குச் சொன்னார், பரவாயில்லை, நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

ஏ40 அண்ணை, துளைகளைத் திறந்தாயிற்று, நீங்கள் சொன்னது சரி, கதவுக்குள் ஒரு பிடி மண் இருந்தது. ரின்னைச் சுற்றித் துரு சுரண்டித் துருப்பிடிக்காமல் றெட் ஒக்சைட் பெயின்ற் அடித்திருக்கிறோம். வெளி ஓட்டைக்குப் புட்டி இல்லை, விளிம்புக்கு மட்டும் பெயின்ற்.

வவுனியா ஏ40

அப்பா சொன்னால் சரி, நான் இனி அதில் கதைக்கவில்லை. வெளிப்பக்கத்தால் தண்ணீர் இறங்காமல் ஒரு தெளிந்த வார்னிஷ் ஆவது அடித்துவிடு. மாஸ்ரர் சிலிண்டர் பார்த்தாயா?

ஒட்டுசுட்டான் பெடியன்

இன்னும் இல்லை அண்ணை. பெயின்ற் முடியட்டும் என்று இருக்கிறேன்.

வவுனியா ஏ40

பெயின்ற் பிறகு. முதல் பிறேக்.