யுனிவர்சல் ரிமோட்: கோட் நம்பர் தெரிந்தவர்கள் உதவுங்களேன்
ஏற்காட்டில் ஜன்னலோரம் வைத்திருந்த டிவி ரிமோட்டைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடலை பாக்கெட் என்று நினைத்ததோ என்னவோ! சரி என்று சேலத்துக்கு இறங்கி, பல பிராண்ட் டிவிக்கும் செட் பண்ணிக்கொள்ளும் யுனிவர்சல் ரிமோட் ஒன்று வாங்கி வந்தேன். டிவி சோனி, 32 இன்ச், பழையது.

செட் பட்டனை அழுத்திப் பிடித்து, சிவப்பு விளக்கு நின்று எரிந்ததும் ரிமோட்டோடு வந்த தாளில் சோனிக்கு இருந்த கோட் நம்பரைப் போட்டேன். பவரும் சவுண்டும் வேலை செய்கின்றன. சோர்ஸ் (படம் எந்த இணைப்பிலிருந்து வர வேண்டும் என்று மாற்றும் பட்டன்), மெனு மட்டும் அசையவே இல்லை. செல்போன் கேமராவில் பார்த்தால், அந்தப் பட்டன்களுக்கும் ரிமோட் முனையிலுள்ள பல்பு மினுங்குகிறது. ஆக, பேட்டரி கோளாறு இல்லை.

ஒரே பிராண்டுக்குப் பல கோட் உண்டாமே, சோர்ஸ் பட்டனும் எடுக்கிற நம்பர் எது? கரண்ட் போய் வந்தால் டிவி ஆன்டெனா இணைப்புக்குப் போய்விடுகிறது. அம்மா சீரியல் பார்க்க, சோர்ஸை மாற்ற நான்தான் டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பட்டனைத் தடவுகிறேன்.