மேற்குக் காட்டுக் கல்வட்டங்கள்: தென்னங்குழி எடுக்கும் முன் ஒரு வேண்டுகோள்

எல்லோருக்கும் வணக்கம்.

பங்காளிகளான நம் மேற்குக் காட்டு நிலத்தில் குத்தகைக்காரர் தென்னை வைக்கப் போகிறார் என்று செய்தி வந்ததும் பலர் மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். கிணற்றில் தண்ணீர் நிற்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சின்ன வயதில் பாண்டவர் குழி என்று நாம் சொல்லிவந்த இடமும் அந்தக் காட்டுக்குள்தான் இருக்கிறது. அது இரும்புக் காலத்து இடுகாடு. புதைத்த இடத்தைச் சுற்றிக் கல் வைத்த கல்வட்டங்கள் அங்கே இருக்கின்றன. தொல்லியல்காரர்கள் வந்து அளந்து பதிவு செய்யும்வரை ஜேசிபியை உள்ளே விட வேண்டாம்.

மாட்டு ஏர் ஓட்டிய காலத்தில் கொழு அரையடிக்கு மேல் இறங்காது. கல்வட்டத்தை ஒதுக்கிவிட்டுத்தான் உழுவார்கள். டிராக்டர் வந்தபின் பாதிக் கற்கள் வேலியோரம் போய்விட்டன. தென்னைக்கோ மூன்றடிக் குழி வேண்டும். பதுக்கையின், அதாவது மண்ணுக்குள் பெட்டி போல அமைத்த கல்லறையின், பலகைக் கற்கள் நிற்பதே அந்த ஆழத்தில்தான். மூடுகல் விலகினால் மழைத்தண்ணீர் இறங்கி எலும்பு கரைந்துபோகும். எந்தப் பானை எங்கே வைக்கப்பட்டது என்பதும் குழம்பிவிடும். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லை ஆய்வுக்கு அனுப்பித்தான் கி.மு. 1155 என்று காலம் கணித்தார்கள். உடைந்து சிதறிய தாழியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

இணைத்திருக்கும் படத்தைப் பாருங்கள். போன உழவில் மேலே வந்த ஓடு. உள்பக்கமும் வாயும் நல்ல கறுப்பு, வெளியே சிவப்பு. தோள்பட்டையில் ஏணி போல ஒரு குறி, சுட்ட பிறகு கூரான எதையோ வைத்துக் கீறியது. ஈரோடு மாவட்டம் கொடுமணலிலும் இந்த வகைக் கறுப்பு சிவப்பு ஓடுகளும் குறிகளும் ஏராளம். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடும் அதே ஊர், நொய்யலின் வடகரை. அங்கே ஒரே கல்லறையில் சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த 2,220 மணிகள் கிடைத்தன. அங்கும் விவசாயத்துக்காகப் பெயர்த்துப் போட்ட கல்வட்டங்கள் எத்தனையோ!

நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்று சில பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அளவெடுப்பது என்றால் தோண்டுவது இல்லைங்க. வரிசையாக நடந்து, ஒவ்வொரு வட்டத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்து, விட்டம் அளந்து, மேலே கிடக்கும் ஓடுகளைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். அப்புறம் தோண்ட வேண்டும் என்றாலும், கீழடியில் தென்னந்தோப்புக்காரர்களின் சம்மதத்தோடுதான் குழி போட்டார்கள். ஆரம்பக் கட்டங்களில் வேலை முடிந்ததும் மூடித் திருப்பிக் கொடுத்தார்கள்.

குத்தகைக்கு ஓட்டுகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு அது பிழைப்பு. பட்டா நம் பெயரில் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். பங்காளிகள் எல்லோரும் அளவெடுப்புக்கான சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இந்த வாரத்துக்குள் செயலாளர் அண்ணனுக்கு அனுப்புங்கள். தொல்லியல் துறைக்கான மனுவோடு அவர் அதைச் சேர்த்துக்கொள்வார். வட்டங்கள் இருக்கும் பகுதிக்கு இந்த வருசக் குத்தகைப் பணத்தை நான் வாங்கப் போவதில்லை. காட்டின் மேல்பாதிப் பங்குக்காரர்களும் அப்படிச் செய்தால், அவர் தென்னையைக் கிழக்கே தள்ளி வைக்க ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.