புதுப்பிப்பு: போட்டோ எடிட்டிங்குக்கு டார்க்டேபிளும் கிம்பும்

மாதச் சந்தா இல்லாமல், 8 ஜிபி ரேம் உள்ள உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப்பில், கேமரா பதப்படுத்தாமல் அப்படியே பதிந்த கல்யாண ரா படங்களைத் திருத்த எந்த மென்பொருள் நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன்: ரா படங்களுக்கு டார்க்டேபிள், படத்தை வெட்டி ஒட்டும் வேலைக்கு கிம்ப். இரண்டுமே இலவச மென்பொருள்கள்.

அஃபினிட்டி என்ற படத் திருத்த மென்பொருளைப் பலர் சொன்னீர்கள். 2025 அக்டோபரில் அது இலவசமானது உண்மை. ஆனால் விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான் வந்திருக்கிறது, என் கணினிக்கு இல்லை.

டார்க்டேபிளில் எனக்கு மிகவும் பிடித்தது, அது மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. செய்த மாற்றமெல்லாம் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சின்னக் கோப்பில் எழுதப்படும். பேக்கப் எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். மண்டப வெளிச்சத்தில் ஒரு படத்துக்கு வெள்ளைச் சமநிலையை (ஒளியால் வரும் நிறச் சாயலை) சரிசெய்துவிட்டால், அதே மாற்றங்களைக் காப்பி செய்து அந்த வரிசைப் படங்கள் அனைத்திலும் ஒட்டிவிடலாம். இருட்டில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றி எடுத்த படங்களில் தெரியும் இரைச்சல் புள்ளிகளை நீக்க, அந்தந்த கேமரா மாடலுக்கென்றே அளந்த விவரம் உள்ள டீநாய்ஸ் மாட்யூல் (புள்ளி நீக்கும் பகுதி) இருக்கிறது. அதைப் போட்டால் மட்டும் லேப்டாப் திணறும். நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் ஓபன்சிஎல் (கணக்கு வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கும் முறை) வழியாக வேகம் கிடைக்கும்.

கிம்பில் 3.0 பதிப்புக்குக் குறையாமல் போடுங்கள். லேயரில் (படத்தின் அடுக்கில்) போட்ட ஃபில்டரைப் பிறகும் திருத்தலாம். ஆல்பத்தில் தமிழ்ப் பெயர்களும் யூனிகோடில் உடையாமல் வருகின்றன.