மறுமொழி: ‘மூப்புச் சமன்செவித் தளர்ச்சி’ என்னும் சொல்லை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரெஸ்பிவெஸ்டிபுலோபதி (மூப்பினால் காதின் சமநிலை உறுப்பு தளர்ந்து நிற்பதும் நடப்பதும் தடுமாறும் நோய்) என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்துள்ள ‘முதுமை உட்செவி இழப்பு’, ‘முன்றில் நரம்பு மூப்பு’ ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. ‘மூப்புச் சமன்செவித் தளர்ச்சி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

‘இழப்பு’ என்னும் சொல்லே முதல் தடை. சமநிலை நோய்களை ஆராயும் பன்னாட்டு அமைப்பான பாரானி கழகம் 2019இல் இந்நோய்க்கு வகுத்த வரையறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். அறுபது வயதைக் கடந்தவருக்கு, மூன்று மாதங்களுக்குக் குறையாமல், நிற்கும்போது நிலைகொள்ளாமை, நடைத் தடுமாற்றம், தலைகிறுகிறுப்பு, அடிக்கடி விழுதல் ஆகியவற்றுள் இரண்டேனும் இருக்க வேண்டும். அத்துடன் இரு காதுகளின் சமநிலைச் செயலும் ஓரளவு குன்றியிருப்பது சோதனையில் தெரியவும் வேண்டும். அந்த ‘ஓரளவு’ என்பதுதான் இங்கே உயிர்நாடி. தலையைச் சட்டென்று திருப்பும்போது கண் எவ்வளவு ஈடுகொடுக்கிறது என்பதை அளக்கும் சோதனையில், கண்ணின் வேகத்துக்கும் தலையின் வேகத்துக்கும் உள்ள விகிதம் 0.6 முதல் 0.83 வரை இருந்தால் இந்நோய், 0.6க்கும் கீழே போனால் அது இருபக்கச் செயலிழப்பு என்னும் வேறு நோய். ஆகவே ‘இழப்பு’ என்று பெயரிட்டால், மருத்துவர்கள் எண்ணிட்டுப் பிரித்து வைத்ததை நாம் சொல்லால் கலந்துவிடுகிறோம். மூப்பினால் உடல் வலிமை குன்றுவதைத் தமிழில் தளர்தல் என்றுதானே சொல்கிறோம்?

‘உட்செவி’ என்பதிலும் சிக்கல் உண்டு. கேட்கும் நத்தைச்சுருளும், அசைவை உணரும் மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு பைகளும் உட்செவிக்குள்தான் இருக்கின்றன. ‘உட்செவித் தளர்ச்சி’ என்றால் கேட்பவர் காது மந்தம் என்றே கொள்வார். ‘முன்றில்’ என்பது லத்தீன் மூலத்துக்கு நேரான பெயர்ப்புத்தான். வெஸ்டிபுலம் என்றால் வாயில் முற்றம். ஆனால் அப்பெயர் உறுப்பின் இடத்தைக் காட்டுமேயன்றித் தொழிலைக் காட்டாது. நடுச்செவி, உட்செவி என்று வழங்குவதைப் போலச் ‘சமன்செவி’ என்றால் காதின் அந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

சென்ற ஆண்டு என் தாயாரை (வயது 74) சோதனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். “மயக்கம் வருதாம்மா?” என்று கேட்டதற்கு அவர், “மயக்கமும் இல்ல, தல சுத்தவும் இல்ல, காலுக்குக் கீழ தரை நழுவுற மாதிரி இருக்கு” என்றார். வெறுந்தரையில் கண்ணை மூடி நின்றபோது அசையவில்லை. தடித்த நுரை மெத்தைமேல் ஏற்றிக் கண்ணை மூடச் சொன்னதும், சில நொடிகளிலேயே உடல் சாய்ந்து, விரல்கள் காற்றில் சுவரைத் தேடின. கண், பாதம், காது என்னும் மூன்று ஊன்றுகோல்களில் முன்னிரண்டையும் எடுத்துவிட்டு மூன்றாவது தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை அது. மின்சாரம் போன இரவுகளில் மட்டும் அவர் சுவரைப் பிடித்து நடந்ததன் காரணம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

ஆகவேதான் ‘மூப்பு மயக்கம்’, ‘மூப்புத் தலைசுற்றல்’ போன்ற எளிய பெயர்களும் பொருந்தமாட்டா என்கிறேன். ‘தள்ளாமை’ என்னும் சொல்லை நான் முதலில் மிகவும் விரும்பினேன். எழுத்து மங்கித் தெரிவதை வெள்ளெழுத்து என்று பெயரிட்ட மக்கள் வழக்கின் அழகு அதிலும் இருக்கிறது. எனினும் தள்ளாமை முழு உடலின் இயலாமையையும் குறிக்கும். மூட்டுவலியால் நடக்க முடியாதவருக்கும் அதுவே பெயர். வெறும் ‘சமன்செவி மூப்பு’ என்று சுருக்குவதும் சரியில்லை. சமன்செவிக்குள் அசைவை உணரும் மயிரிழைச் செல்கள் குறைவது வயதாகும் எல்லார்க்கும் நேர்வது. நோயென்று குறிப்பது அறிகுறியும் அளவும் சேர்ந்த நிலையை மட்டுமே.

சோதனைப் பெயர்களையும் இதனுடன் முடித்துவிடலாம். தலையைப் பத்து, இருபது பாகை சட்டென்று திருப்புவதைத் ‘தலைச்சொடுக்குச் சோதனை’ எனலாம். காதுக்குள் 30, 44 செல்சியஸ் நீரைச் செலுத்திக் கண்ணசைவை அளப்பதற்கு ‘வெப்பத் தூண்டல் சோதனை’ போதாது என்பது என் எண்ணம்; ஒன்று உடல் வெப்பத்துக்கு 7 பாகை கீழே, மற்றது 7 பாகை மேலே என்பதால் ‘தண்மை வெம்மைச் சோதனை’ என்பதே இரண்டையும் தழுவும். காதில் குளிர்ந்த நீர் பட்டால் நோயாளிக்குத் தலை சுற்றுவதைக் கவனித்துத்தான் ராபர்ட் பாரானி இந்தத் துறைக்கு வழி திறந்தார். சமன்செவி ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசும் பெற்றார். நோயாளியை நாற்காலியில் அமர்த்திச் சுழற்றிக் கண்ணசைவை அளக்கும் சுழல்நாற்காலிச் சோதனைக்கு அப்பெயரே போதும்.

சமன்செவியின் இரண்டு பைகளுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்களுக்குச் ‘செவிமணல்’ என்று நேற்று ஒருவர் எழுதியதை முழுமனத்துடன் ஏற்கிறேன். ‘சமன்செவி’க்கு மறுப்பு இருப்பின், எந்தத் தொடரில் அது பொருள் மயக்கம் தருகிறது என்பதை எடுத்துக்காட்டுடன் எழுத வேண்டுகிறேன்.