1969 லேண்ட் ரோவர் சீரிஸ் 2ஏ: முழுச் சீரமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

மலைப்பாதை

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் ஓட்டிய, முன்-பின் சக்கர இடைவெளி 88 அங்குலமுள்ள சீரிஸ் 2ஏ, 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுடன், 12 ஆண்டுகளாகக் கொட்டகையில் அசையாமல் நிற்கிறது. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்த நிலைக்கே அதைக் கொண்டுவர விரும்புகிறேன். அலுமினியத் தகடுகள் நன்றாகவே உள்ளன. ஆனால் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸின் பின் குறுக்குச் சட்டத்தைத் திருப்புளியால் குத்தியபோது அது உள்ளே இறங்கிவிட்டது. முதலில் எஞ்சினை ஓடவைத்துப் பார்க்கலாமா, அல்லது முழுவதையும் கழற்றிவிட வேண்டுமா? உடலின் மேல் ஓரங்களை மூடும் விளிம்புப் பட்டைகள் உட்பட எல்லாவற்றுக்கும் கண்ணாடி போன்ற பளபளப்பில் வண்ணம் அடிக்கலாமா?

இரும்புத்தடம்

வணக்கம் நண்பரே. ஸ்டார்ட்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்த பின், முன்புறம் செருகும் கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலம் கொடுக்க வேண்டாம், மீண்டும் ஊறவிடுங்கள்.

உங்கள் உண்மையான வேலை சேஸிஸில்தான் இருக்கிறது. அது எஃகுத் தகடுகளைப் பெட்டி வடிவில் வெல்டிங் செய்து உருவாக்கியது என்பதால், நீரும் சேறும் உள்ளே தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே துளை தெரியும்போது உட்புறம் அதைவிடப் பல மடங்கு மோசமாகியிருக்கும். பின் குறுக்குச் சட்டமும் பக்கவாட்டுத் தாங்கிகளும் மட்டும் போயிருந்தால் அவற்றை வெட்டி மாற்றலாம். நீளச் சட்டங்களே உளுத்திருந்தால், துத்தநாகம் பூசிய புதிய சேஸிஸே சரியான வழி. பழையதில் பொறித்த எண்ணை என்ன செய்வது என்பதைப் பதிவு அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே அதை அப்புறப்படுத்துங்கள்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். உடல் முழுவதும் அலுமினியம் என்று நினைத்திருப்போம். ஆனால் எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட் எஃகு. கால் வைக்கும் குழிகளையும் கதவுத் தூண்களின் அடிப்பகுதியையும் சுரண்டிப் பாருங்கள். அது சிறிது கோணினாலும் கதவுகள் ஒருபோதும் ஒழுங்காகச் சாத்தாது. ஆகவே வெட்டுவதற்கு முன் மூலைக்கு மூலை அளவெடுத்து எழுதி வையுங்கள்.

பச்சைச்சட்டம்

வண்ணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் நல்ல வண்டிகள் பல இந்த இடத்தில்தான் கெடுகின்றன. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது லேண்ட் ரோவர் ஓர் உழவு வாகனம். போருக்குப் பின் எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால் அலுமினியக் கலவையைக் கொண்டு உடல் செய்தார்கள். உங்கள் 2ஏவும் அந்த மரபில் வந்ததே. விளிம்புப் பட்டைகள் துத்தநாகத்தில் முக்கி எடுக்கப்பட்டு, வண்ணமின்றிச் சாம்பல் நிறத்திலேயே விடப்பட்டவை. அவற்றுக்குப் பெயின்ட் அடித்தால் அது வேறொரு வண்டியாகிவிடும். இன்றைய கார்களில் வண்ணத்தின் மேல் பூசும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் இந்த வண்டிகளில் இல்லை. தகடுகளில் தெரியும் வெல்டிங் புள்ளிகளையும் பட்டி போட்டு மூடாதீர்கள். அவை தொழிற்சாலையின் கையெழுத்து.

அலுமினியத்தின் மேல் அதற்கேற்ற எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) இல்லாமல் எந்த வண்ணமும் நிற்காது. எஃகும் அலுமினியமும் தொடும் இடங்களில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெண்பொடியாக உதிரும். ஆகவே இடையில் காப்புப் பசை பூசி இணையுங்கள். அடுத்து வந்த சீரிஸ் 3இன் பிளாஸ்டிக் முன்வலை கிடைத்தாலும் மாட்டாதீர்கள். உங்களுடையது கம்பி வலை.

மலைப்பாதை

மிக்க நன்றி. இருக்கைப் பெட்டியைத் தூக்கியபோது அடியில் வெயில் படாத பழைய பச்சை அப்படியே இருந்தது. அதையே மாதிரியாகக் கொள்கிறேன். எஞ்சின் மூன்றாம் நாள் கையால் சுற்றியது. பிரேக்கும் வயரிங்கும் எப்படி?

இரும்புத்தடம்

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம்: சக்கர சிலிண்டர்கள், குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் புதிதாகவே போடுங்கள். வயரிங்கில் பழைய நிற ஒழுங்கைக் காப்பாற்றுங்கள்: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன் வழியாக வருவது, பச்சை அதற்குப் பின் ஃபியூஸைக் கடந்தது, கறுப்பு எர்த். பழைய கம்பித் தொகுப்பை வெட்டாமல், ஒவ்வொரு முனையிலும் சீட்டு கட்டி முழுதாகக் கழற்றுங்கள்; புதியதைப் பொருத்தும்போது அதுவே உங்களுக்கு வரைபடம்.