சார் ஊருக்குப் போகிறார், பொறுப்பை எப்படிக் கைமாற்றுவது?

வணக்கம். கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல், கணிதப் பட்டறை நடத்தும் சின்ன ஆசிரியர் வலையமைப்பு எங்களுடையது. 12 வருடமாக இதைச் சுமந்த ஒருங்கிணைப்பாளர் சார், அடுத்த மாதம் மகளோடு இருக்கக் கோவைக்குப் போகிறார். பொறுப்பு இப்போது என் தலையில்.

சிக்கல் என்னவென்றால், எல்லாமே அவர் போனிலும் ஞாபகத்திலும்தான் இருக்கிறது. எந்தத் தலைமையாசிரியரிடம் எப்போது பேசினால் காரியம் நடக்கும், டெலஸ்கோப் எந்தப் பள்ளி பீரோவில் தூங்குகிறது, 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்துக்கு வாங்கிய கண்ணாடிகள் எங்கே? கேட்டால், "அதெல்லாம் நீ பார்த்துக்குவேம்மா" என்கிறார். பாசம்தான், ஆனால் பதில் இல்லையே!

தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975இன்படி நிர்வாகி மாற்றத்தைப் படிவம் 7இல் மாவட்டப் பதிவாளரிடம் தர வேண்டும், அது தெரியும். வங்கியில் கையெழுத்து மாற்றத் தீர்மான நகலோடு வேறென்ன கேட்டார்கள்? அப்புறம் முக்கியமாக, ஒரே ஆளிடம் விடாமல் இரண்டு பேர் சேர்ந்து பொறுப்பேற்று நடத்திய அனுபவம் யாருக்காவது உண்டா? சண்டை வராமல் எப்படிச் சமாளித்தீர்கள்? புதுச்சேரி நண்பர்களும் சொல்லலாம். அங்கே பதிவு 1860 சட்டப்படி என்றாலும் வங்கி வங்கிதானே.

சனிக்கிழமை கூட்டம். அதற்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.